பங்கில் ஏழையர் பணி: வீடு தேடிப் போவதிலிருந்து தொடங்குங்கள்

காவிரி டெல்டாவின் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலையும் பங்குத்தந்தையையும் சேர்ந்த ஊர்ச் சபைகளில், ஏழைகளுக்கு உதவி என்றாலே பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, கோயில் வாசலில் ஒரு மேசை, ஆளுக்கு ஐந்து கிலோ அரிசிப் பை, ஒரு சேலை. கொடுப்பவர்களின் மனம் நல்லது. ஆனால் அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. மார்கழியில் அந்த வீட்டில் இல்லாதது புளி, எண்ணெய், ஒழுகாத கூரை, படுத்துக் கிடக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ காசு. வாசல் தாண்டி உள்ளே போனவருக்குத்தான் இது தெரியும். மேசையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பணியை ஒரு பங்கில் எப்படித் தொடங்குவது, எங்கெல்லாம் கெடும் என்பதே இங்கே.

கையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினர் பணி பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பின் 8ஆம் எண் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. நீதியாகக் கொடுக்கவேண்டியதைத் தர்மம் போலக் கொடுக்காதே. விளைவை மட்டும் பார்க்காமல் காரணத்தையும் நீக்கு. உதவி பெறுகிறவர் மெல்ல மெல்லப் பிறரைச் சாராமல் தன் காலில் நிற்கும்படி உதவு. குழுவின் பதிவேட்டு முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றிப் பேசும்போது அதே வரிசையில் கேளுங்கள்: இவருக்கு யார் எதைக் கொடுக்கவேண்டியிருக்கிறது? ஏன் கிடைக்கவில்லை? நாம் எப்போது விலகலாம்?

தர்மம் பழைய காலத்து வழக்கம், இப்போது தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் திருச்சபையின் போதனை இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' ஊக்கவுரையில், வறுமையின் அமைப்புக் காரணங்களை ஒழிப்பதையும் அன்றாடச் சிறு உதவிகளையும் ஒரே மூச்சில் சொன்னார். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட 'திலெக்ஸி தே' என்னும் ஊக்கவுரை, ஏழைக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கச் செய்வதே சிறந்த உதவி என்று சொல்லிவிட்டு, அது வரும்வரை கை நீட்டிக் கொடுப்பதை விட்டுவிடக் கூடாது என்றும் வலியுறுத்துகிறது. பசித்தவருக்கு இன்று சாப்பாடு, நாளைக்கு மனு. இரண்டும் வேண்டும்.

ஆள் சேர்ப்பது

ஆறு பேர் போதும். மூன்று ஜோடிகள், ஜோடிக்கு நான்கு குடும்பங்கள், ஆக பன்னிரண்டு. முதல் வருஷம் இதற்கு மேல் எடுக்காதீர்கள். முப்பது குடும்பங்களை எடுத்த குழு மூன்றாம் மாதமே பொட்டலம் விநியோகிக்கும் குழுவாகிவிடும். யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமிருக்காது. இருவராகப் போவது 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் வழக்கம். உங்கள் பங்கில் அந்தச் சபை இருந்தால் புதுக்குழு வேண்டாம், அதிலேயே சேருங்கள். ஒரு ஜோடியில் ஒருவராவது பெண்ணாக இருப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணவன் குடிப்பதையும், கர்ப்பப்பைக் கோளாறையும், மகள் பள்ளியை நிறுத்தியதையும் ஆண்கள் இருவரிடம் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

குழுவில் ஒரே தெரு, ஒரே சாதி ஆட்கள் மட்டும் இருந்தால் அங்கேயே பணி கெட்டுவிட்டது. தெற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும். அவர்கள் உதவி பெறுபவர்களாக மட்டும் இருக்கக் கூடாது, முடிவெடுப்பவர்களாக இருக்க வேண்டும். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டிருக்கிறது. காலனி வீட்டில் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிறவரை வீடு சந்திக்க அனுப்பாதீர்கள். அவர் கணக்கு எழுதட்டும் என்றுகூட விடவேண்டாம். முதலில் அவரிடம் பங்குத்தந்தை பேசட்டும்.

யாரைப் பார்ப்பது?

பங்கின் சில தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் பெயர் கேட்டால் பட்டியல் வரும். ஆனால் அன்பியத்துக்கு வருகிறவர்களின் பெயரே வரும். கூட்டத்துக்கு வராத வீடுகளில்தான் கடும் வறுமை இருக்கும்: கோயிலில் திருமணம் மந்திரிக்காமல் சேர்ந்து வாழ்கிறவர்கள், குடிகாரர் வீடு, கடனுக்குப் பயந்து கதவை அடைத்திருக்கிறவர்கள், வாய்க்கால் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்கள். எனவே அன்பியப் பட்டியலோடு நிறுத்தாமல் நான்கு பேரைத் தனித்தனியே கேளுங்கள்: சத்துணவு அமைப்பாளர், ரேஷன் கடைக்காரர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர். யார் வீட்டில் கடன் நோட்டு நிரம்பிவிட்டது என்று பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும்.

பட்டியலில் கத்தோலிக்கர் அல்லாதவர் இருப்பார்கள், இருக்க வேண்டும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் எழுதிய 'கடவுள் அன்பாயிருக்கிறார்' மடல் இதில் தெளிவாக இருக்கிறது: அன்புப்பணியை மதமாற்றத்துக்கு வழியாக்கக் கூடாது, அன்பு இலவசமானது. ஆகவே இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஜெபப் புத்தகம், படம், ஜெபமாலை எதுவும் கொடுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டாலும், உதவி கொண்டுபோன அன்று கொடுக்காதீர்கள். கத்தோலிக்க வீட்டில் மட்டும் நிலைமை வேறு. ஏழைகளுக்கு ஆன்மீகக் கவனிப்பு கிடைக்காமல் போவதே அவர்கள் படும் மோசமான பாகுபாடு என்று பிரான்சிஸ் எழுதினார். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு நற்கருணை வந்து எத்தனை மாதம் ஆனது என்பதையும் விசாரித்துப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்

நேரம் முக்கியம். நடவு, களையெடுப்புக் காலத்தில் பெண்கள் காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் போவது நல்லது. குழுக் கடன் வசூல் நாள் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். அன்று வாசலில் யார் நின்றாலும் அவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முதல் சந்திப்புக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். பையோடு போனால் பேச்சு பையைப் பற்றியே இருக்கும். அடுத்த முறை பையில்லாமல் போக முடியாது. அரை மணி நேரம் இருங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். நோட்டை எடுத்து அவர்கள் முன்னால் எழுத வேண்டாம். திரும்பும் வழியில் எழுதிக்கொள்ளலாம். கைபேசியில் படம் எடுக்கவே கூடாது. நன்கொடையாளர் கேட்கிறார், மறைமாவட்ட இதழுக்கு வேண்டும் என்று எந்தக் காரணம் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பெறுகிறவரின் முகம் பிளெக்ஸில் வந்த மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பேச்சு கேட்கும் என்று யோசித்தால் போதும்.

'என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள். 'ஏதாச்சும் குடுங்க' என்ற பதில்தான் வரும். 'நேத்து ராத்திரி என்னம்மா சமைச்சீங்க?', 'மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?', 'மழை பெஞ்சா எங்க படுப்பீங்க?', 'நகை எங்க இருக்கு?' என்று வாழ்க்கையைக் கேளுங்கள். நகை கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறதா, அடகுக்கடையில் இருக்கிறதா, கந்துவட்டிக்காரரிடம் மாட்டியிருக்கிறதா என்பதிலேயே அந்தக் குடும்பத்தின் நிலை பாதி தெரிந்துவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனால் குடும்பம் சம்மதிக்காமல் நீங்கள் புகார் கொடுக்கக் கூடாது. மறுநாளும் அந்த ஊரில் வாழவேண்டியவர்கள் அவர்கள்.

வாக்குக் கொடுக்காதீர்கள். 'குழுவில் பேசிட்டு வர்ற புதன்கிழமை வர்றோம்' என்று நாளைச் சொல்லுங்கள். அந்தப் புதன்கிழமை, ஒன்றும் முடிவாகவில்லை என்றாலும், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்தப் பணி அழிவதற்கு முதல் காரணம் பணமின்மை இல்லை, வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதே.

உரியது முதலில்

முதல் மூன்று மாதத்தில் குழுவின் பாதி நேரம் காகிதத்துக்குப் போகும். போகட்டும். ஒரு முதியவருக்கு மாதம் 500 ரூபாய் நீங்கள் கொடுப்பதைவிட, அரசின் முதியோர் உதவித்தொகையை வாங்கிக் கொடுப்பது மேல்; 2023-இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. அது அவர் உரிமை, உங்கள் தயவு இல்லை. விதித்தொகுப்பின் முதல் கேள்விக்கு இதுவே பதில்.

விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாகப் போகும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். நிராகரிப்பு பெரும்பாலும் சில இடங்களில்தான் நிகழும். ஆதாரில் பிறந்த ஆண்டைத் தோராயமாகப் போட்டதால் அறுபது நிறையவில்லை என்று காட்டும். வாக்காளர் அட்டையோடு ஒப்பிட்டு, முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஞானஸ்நானப் பெயர் ஓர் அட்டையிலும் ஊர்ப்பெயர் இன்னொன்றிலும் இருக்கும்: ரேஷன் அட்டையில் 'அந்தோணியம்மாள்', வங்கியில் 'தனம்'. கத்தோலிக்க வீடுகளில் இது சகஜம் என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே எல்லா அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிந்துபோன மகன் பெயர் குடும்ப அட்டையிலேயே இருந்தால், ஆதரவு இருக்கிறது என்று விசாரணையில் கேள்வி வரும்; பெயர் நீக்கத்தை முன்னதாகச் செய்யுங்கள். வங்கிக் கணக்கு வருஷக்கணக்கில் இயங்காமல் முடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விண்ணப்ப எண்ணைப் பதிவேட்டில் எழுதாவிட்டால் பின்தொடர வழியே இல்லை.

மருத்துவத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நெஞ்சுவலி வந்தபிறகு அட்டைக்கு அலையாமல் இப்போதே எடுத்து வைக்க வேண்டும். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்; பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய.

கல்வி உதவியில் தனிக்கவனம் தேவை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்குள் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனாலும் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்களின் பிள்ளைகளுக்கு மாநில அரசு கல்வி உதவித்தொகை வழங்குகிறது. சான்றிதழில் அந்த விவரம் சரியாக இல்லாவிட்டால் பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கும். பத்தாம் வகுப்பு முடியும் முன்பே சாதிச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள்.

பையில் என்ன போடுவது

அரசு கொடுக்காததைக் கொடுங்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும்; சர்க்கரையும், ஒரு கிலோ துவரம் பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான பை இப்படி இருக்கலாம்: புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், உளுந்து அரை கிலோ, பாசிப்பயறு அரை கிலோ, கடலை எண்ணெய் அரை லிட்டர், டீத்தூள் 100 கிராம், தேங்காய் எண்ணெய் 100 மில்லி, குளியல் சோப்பு இரண்டு, துணி சோப்பு இரண்டு. முட்டையை ஒரேயடியாகக் கொடுக்காமல் வாரம் ஐந்தாக, சந்திக்கப் போகும்போது கொண்டுபோங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் இதையெல்லாம் குறைத்து, பெரியவர்களுக்கான டயப்பரும் ஒரு ரப்பர் விரிப்பும் வாங்குங்கள். அந்த வீட்டு மருமகளுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. பருவப் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் நாப்கின் தனிப் பொட்டலமாக, பெண் உறுப்பினர் கையால்.

மளிகைக்கடையில் கணக்கு வைத்து அவர்களையே போய் வாங்கச் சொல்வது இன்னும் மேல். மாதம் 700 ரூபாய்க்கு என்று கடைக்காரரிடம் முன்பணம் கட்டுங்கள். பீடி, பாக்கு தவிர எதுவும் வாங்கலாம். தன் வீட்டுக்கு எது தேவை என்று தானே தேர்ந்தெடுப்பதும் மனித மாண்புதான். யாராவது பழைய துணி கொடுத்தால் அதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் குவிந்து மட்கிய துணிகளை இந்தப் பகுதி மறந்திருக்காது.

காலம் பார்த்துக் கொடுப்பது

பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு என்பது அலுவலகச் சம்பளக்காரர் மனக்கணக்கு. வயல் கூலிக்கு வேறு நாள்காட்டி. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவை நெல் சாகுபடி நடந்தால் ஆடி வரை வேலை இருக்கும். சம்பா, தாளடி நடவு முடிந்து களை எடுத்தபின், ஐப்பசி பாதியிலிருந்து தை அறுவடை வரை மழையும் வேலையின்மையும் சேர்ந்து வரும். முன்பு தையில் அறுவடைக் கூலியாக நெல் வீட்டுக்கு வந்தது. அறுத்த வயலில் கதிர் பொறுக்கியே கைம்பெண்கள் சில மூட்டை சேர்த்தார்கள். லேவியர் 19 சொல்லும் கதிர் விட்டுவைக்கும் சட்டம் இங்கே வழக்கமாகவே இருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் அது போய்விட்டது. பங்குனி முதல் வைகாசி வரை மறுபடியும் வெறுங்கை. அதனால் மாத உதவியைத் தை, மாசியில் பாதியாகக் குறைத்து, கார்த்திகை, மார்கழி, சித்திரையில் ஒன்றரை மடங்காக்குங்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு மே மாதமே பணம் கையில் இருக்க வேண்டும். ஜூனில் கொடுத்தால் அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள்.

விலகும் வழியும் இதே நாள்காட்டியைப் பொறுத்தது. ஆடு கொடுப்பது நல்ல திட்டம். ஐப்பசியில் கொடுத்தால் கெட்ட திட்டம். பயிர் நிற்கும்போது மேய இடமில்லை, ஈரத்தில் குளம்பு அழுகும், அடுத்தவர் வயலில் வாய் வைத்தால் தெருச்சண்டை. அறுவடை முடிந்து தரிசு திறக்கும் மாசியில், ஒரு குட்டி போட்ட அனுபவமுள்ள இரண்டு நாட்டுப் பெட்டைகளைக் கொடுங்கள். கொடுக்கும் முன் கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் போடுங்கள். முதல் ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டியை அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பது என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள்; வாங்கியவர் கொடுப்பவராகிறார். தையல் இயந்திரம் கேட்பவருக்கு முதலில் ஆறு மாதப் பயிற்சி. பயிற்சியில்லாமல் கொடுத்தால் அது அடகுக்கடைக்குப் போகும், அவரைக் குறை சொல்ல முடியாது.

பணம்

வாராந்தரக் கூட்டத்தில் மூடிய பையைச் சுற்றில் விடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. மாதம் ஒரு ஞாயிறு கோயில் வாசலில் ஏழையர் உண்டியல். கணக்கை இருவர் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும். தொகை மட்டும், பெறுபவர் பெயர் இல்லாமல். நூறு ரூபாயில் ஐம்பது மாத உதவிக்கும் இருபத்தைந்து மருத்துவத்துக்கும் பதினைந்து படிப்புக்கும் பத்து அவசரத்துக்கும் என்று தொடங்கலாம். மூன்று மாதச் செலவுக்கு மேல் கையிருப்பு தேங்கினால் நீங்கள் வீடு சந்திப்பதில் சுணங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

வெளிநாட்டுப் பணத்தில் எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. மாமா பையன்தானே என்று வாங்கிவிட்டுப் பின்னர் பங்குக்கே சிக்கல் வரவழைக்காதீர்கள்.

முதலாளியாக இருக்கும் பங்கு

இதைச் சொல்லாமல் மேலே உள்ள எதுவும் நிற்காது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' மடலில், தொழிலாளி சம்மதித்தாலும்கூட, அவர் சிக்கனமாக வாழப் போதாத கூலி அநீதி என்று எழுதினார். 1968 டிசம்பர் 25 இரவு, உலகம் முழுக்கக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கீழவெண்மணியில் கூலிப் போராட்டத்தைத் தொடர்ந்து 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி என்பது இந்த மண்ணில் உயிர்ப் பிரச்சினை.

ஆகவே ஏழையர் குழு பேரவையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளை வைக்க வேண்டும். மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை, சமையல்கார அம்மா, பள்ளி ஆயா, கல்லறைக் குழி வெட்டுகிறவர்: யாருக்கு என்ன சம்பளம், எந்தத் தேதியில் போகிறது, வாரம் ஒருநாள் விடுப்பு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா? கோயில் நிலம் குத்தகையில் இருந்தால், விளைச்சல் போன ஆண்டில் குத்தகையைக் குறைத்தார்களா? கோயில் பிள்ளைக்குச் சேரவேண்டியதைப் பிடித்துவைத்துவிட்டு அவருக்கே கிறிஸ்துமஸ் சேலையும் வேட்டியும் கொடுப்பதைத்தான் விதித்தொகுப்பு தடுக்கிறது. திருவிழா வாணவேடிக்கைச் செலவையும் அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள். பீடத்தில் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு வெளியே குளிரில் நிற்கும் கிறிஸ்துவை விட்டுவிடாதே என்று நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கித்தார். எண்களே பேசட்டும், யாரையும் குற்றம் சாட்டவேண்டியதில்லை.

நவம்பர் ஞாயிறு

பிரான்சிஸ் 2016-இல் ஏற்படுத்திய உலக வறியோர் நாள், திருவழிபாட்டு நாள்காட்டியில் பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு. நவம்பர் 13-க்கும் 19-க்கும் இடையில் வரும். டெல்டாவில் அது புயல் காலம். 2018-இல் அந்த ஞாயிறு நவம்பர் 18. இரண்டு நாள் முன்புதான் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பேராவூரணி வரை தென்னையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. எனவே அக்டோபர் முதல் வாரமே ஆயத்தம்: எந்தெந்த வீட்டுக் கூரை தாங்காது என்ற பட்டியல், வீட்டுக்கு ஒரு தார்ப்பாய், கயிறு, ஆவணங்களைப் போட்டுவைக்க ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை, நடக்க முடியாதவர்களை யார் தூக்கிவருவது என்ற பெயர். புயலுக்குப் பிறகு நிவாரண லாரிகள் மெயின் ரோட்டில் நின்றுவிடும்; உள்ளே இருக்கும் காலனிக்கு எதுவும் போகாது. உங்கள் மூன்று ஜோடிகளும் நேராக உள்ளே போக வேண்டும்.

அன்றைக்கு விருந்து வைத்தால் வரிசையில் நிறுத்தித் தட்டில் போடாதீர்கள். இலை போட்டு, பேரவை உறுப்பினர்களும் பன்னிரண்டு குடும்பத்தாரும் மாறி மாறி உட்காரும்படி ஒரே பந்தி. மேடை, பொன்னாடை வேண்டாம். பங்குத்தந்தைக்கும் அதே பந்தியில் இலை போடுங்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் சாப்பாட்டை வழக்கமாகப் போகும் அதே ஜோடி எடுத்துப் போகட்டும்.